கூட வந்த வாத்தியார்

அருங்காட்சியகத்துக்குத் தனியாக வந்த கல்லூரி மாணவி பர்வீனைக் காப்பாட்சியர் தாண்டவமூர்த்தி வாசலிலேயே மறித்தார். "வாத்தியார் கூட வந்தாத்தான் மாணவர் டிக்கெட். இல்லேன்னா முழு டிக்கெட் எடு!"

எடுத்தால் ஊர் திரும்ப பஸ்ஸுக்குக் காசிருக்காது. அவள் வாசலில் நிறுத்தியிருந்த, வீரன் உருவம் செதுக்கிய நடுகல்லைப் பார்த்தாள்.

"சார், இவன் காலடியில ஏன் மாடு நிக்குது?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவர் அவர். மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனின் கதையைக் கால்மணி நேரம் முழங்கினார்.

பர்வீன் டிக்கெட்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, ஒரு மாணவர் டிக்கெட். வாத்தியார் கூடவே இருக்கார்."

"நான் எப்ப உனக்கு வாத்தியார் ஆனேன்?" என்று காப்பாட்சியர் சீறினார்.

"அப்ப இவ்வளவு நேரம் நடத்துனது பாடம் இல்லையா சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "கொடுப்பா" என்று முனகிவிட்டு, அடுத்த கல்லைக் காட்ட அவளுக்கு முன்னால் நடந்தார்.