ஈசாய் ஏன் படுத்தே கிடக்கிறார்

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், கழுதையும் பேசும், செடிகொடியும் பேசும். பேச்சை நிறுத்தத்தான் ஒருவருக்கும் தெரியாது. அதனால் பெத்லகேமில் ஈசாய் என்ற மந்தைக்காரருக்குத் தலைவலி இல்லாத நாளே கிடையாது. வீட்டுக்குள் எட்டு மகன்கள், வெளியே நானூறு ஆடுகள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் கத்தும்.

இது போதாதென்று ஒருநாள் சாமுவேல் தீர்க்கதரிசி, ராஜாவாகப் போகிறவன் தலையில் ஊற்றும் எண்ணெய்க் கொம்போடு வந்து நின்றார். "உன் மகன்களில் ஒருவன் ராஜாவாகப் போகிறான். எல்லாரையும் கூப்பிடு."

ஈசாய் அடித்துப் பிடித்துக்கொண்டு மகன்களை வரிசையாக நிறுத்தினார். சாமுவேல் ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவனில்லை. ம்ஹும், இவனுமில்லை. இவ்வளவுதானா உன் பிள்ளைகள்?"

அப்போதுதான் ஈசாய்க்கு உறைத்தது. வரிசையில் ஏழு பேர்தான்! ஆடு மேய்க்கப் போன கடைக்குட்டி தாவீதை அவர் மறந்தே போயிருந்தார். ஆளனுப்பி அழைத்து வந்தார்கள். எண்ணெய் அவன் தலையில்தான் வழிந்தது.

மறுநாள் தொடங்கியது கேலி. "ஐயா," என்றது கழுதை, கட்டைக் குரலில், "நானும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஞாபகம் இருக்கிறதா?"

"மேஏஏ! எங்கள் நானூறு பேரையும் ஒன்று பிசகாமல் எண்ணுகிறீர்கள். பெற்றது எட்டு, அதை எண்ண வரவில்லையே!" என்றது கிடா.

ஈசாய் பல்லைக் கடித்துக்கொண்டார். கேலி கூடப் பரவாயில்லை. தாவீது ஒரு வார்த்தையும் சொல்லாமல் மலைக்குத் திரும்பிப் போனதுதான் அவரை அரித்தது.

நாலாம் நாள் அவன் கையில் ஒரு துளிரோடு வந்தான். "அப்பா, வரிசையில் எனக்கு இடமில்லாமல் போனது போகட்டும். இதற்காவது நம் முற்றத்தில் ஒரு இடம் கொடுங்கள்."

துளிர் கீச்சுக்குரலில் சொன்னது: "நான் வளர்ந்தால் என் கிளைக்கு ஒருவராக உங்கள் வம்சம் உட்காரும். நான் பட்டுப்போனால் வம்சமும் அதோடு சரி."

"மறந்துவிடாதீர்கள் அப்பா" என்று சொல்லிவிட்டுத் தாவீது போனான். சுருக்கென்றது ஈசாய்க்கு.

சுவரோரம் நட்டார். மூத்தவன் எலியாப் ஓடிவந்தான். "அது என் காளை கட்டுகிற இடம்! நான் மூத்தவனா இல்லையா?" கிணற்றடியில் நட்டார். "அப்பா, நான் ஈட்டி எறிந்து பழகுகிற இடம் அது!" என்றான் மூன்றாமவன் சம்மா. கொல்லையில் நட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வெள்ளாடு மென்றுகொண்டிருந்தது.

"ஒரே ஒரு இலைதான் ஐயா. உப்பு கொஞ்சம் குறைச்சல்."

"போதும்! எல்லாரும் வாயை மூடுங்கள்!"

அந்த ஊர் ஆட்டுப்பட்டிகளுக்குக் கதவு கிடையாது. கல்சுவரில் ஒரு திறப்பு மட்டும் இருக்கும். மேய்ப்பன் அதில் குறுக்கே படுத்துக்கொள்வான், அவன்தான் கதவு. அவனைத் தாண்டி ஓர் ஆடும் போகாது. ஈசாய் மிச்சமிருந்த இரண்டு இலைத் துளிரைச் சுவர் மூலையில் நட்டு, அதே மாதிரி குறுக்கே படுத்துவிட்டார்.

"அப்பா, சாப்பிட வாருங்கள்" என்றான் எலியாப்.

"வரமாட்டேன். இது வெள்ளாட்டு வாய்க்கு எட்டாத உயரம் வரட்டும்."

"முதுகு வலிக்குமே ஐயா" என்றது கழுதை.

"வலிக்கும். போ."

துளிருக்கு அவர் உடம்புச் சூடு பிடித்துப்போனது. விடிவதற்குள் வேர் அவர் விலாவுக்குள் இறங்கியிருந்தது. ஈசாய் எழப் பார்த்தார், முடியவில்லை. "எழுந்தீர்களானால் நான் அறுந்துவிடுவேன்" என்றது செடி.

ஓடிவந்த தாவீது பதறிப்போய்க் கத்தியை உருவினான். "வலிக்கிறதா அப்பா? வெட்டிவிடட்டுமா?"

"கத்தியை உள்ளே வை. முதல் கிளை உன்னுடையது. ஏறு."

தாவீது ஏறினான். பிறகு அவன் மகன் சாலமோன், அவன் மகன், பேரன் என்று வந்துகொண்டே இருந்தார்கள்.

"தாத்தா, என் கிளை மட்டும் ஏன் கோணல்?"

"தாத்தா, இவன் இடிக்கிறான்!"

"ஏறு, உட்கார், கேள்வி கேட்காதே. என்னை எண்ண மட்டும் சொல்லாதே!"

தலைமுறைகள் போயின. கடைசியில் உச்சிக் கிளையைப் பார்த்து இரண்டு கூட்டம் வாதாடியது. "அதற்கு உரிய மீட்பர் இனிமேல்தான் வருவார்" என்றார்கள் யூதர்கள். "வந்தாயிற்றே, தாய் மடியில் இருக்கிறார் பாருங்கள்" என்றார்கள் கிறிஸ்தவர்கள். பிறகு இரு தரப்பும் ஈசாய் பக்கம் குனிந்து, "நீங்களே சொல்லுங்கள் தாத்தா!" என்றன.

ஈசாய் கண்ணை இறுக மூடினார். ஒரு கையால் கன்னத்தோடு காதைப் பொத்திக்கொண்டார்.

அன்று முதல்தான், தேவாலயச் சன்னல் கண்ணாடிகளிலும் பழைய வேதாகம ஏடுகளின் ஓவியங்களிலும், விலாவிலிருந்து மரம் எழுந்து நிற்க, கன்னத்தில் கைவைத்து ஈசாய் படுத்தே கிடக்கிறார். பார்க்கிறவர்கள் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தூக்கமாவது! தாம் அசைந்தால் மேலே எவனாவது ஒருவன் விழுந்துவிடுவானே என்றுதான் அப்படிக் கிடக்கிறார்.