மூன்று விரல் புல்

தயாபரியிடம் பாடம் கேட்கிறவர்களில் மூத்தவர் வக்கீல் மாசிலாமணி. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. வாதாடாமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவளுக்கும் அது பிடிக்கும்.

அன்று அவரிடம் வாதம் இல்லை. புருஷன் வீட்டை விட்டு வந்த மகள் எழினி, இரண்டு மாதமாக மாடி அறைக்குள்ளேயே கிடக்கிறாளாம். காலையும் மாலையும் கதவருகே நின்று, அவனை மறந்துவிடு என்று நயமாகத்தான் சொல்கிறாராம். நேற்று உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம்.

"அவ மனசுல இருந்து அவனை எப்படிம்மா பிடுங்குறது?"

தயாபரி செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க, உங்க வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்."

வீட்டு முன்னால் புல்தரை. வாரம் இருமுறை புல்வெட்டும் மெஷின் வைத்து, மொட்டையடித்த தலை மாதிரி ஒட்ட வெட்டி வைத்திருந்தார். களையாகக் கோரை முளைத்த இடமெல்லாம் கொத்திய குழி. குழியைச் சுற்றிப் புதிதாக ஏழெட்டுக் கோரை.

"தினமும் கொத்துறேன். தினமும் வருது," என்றார்.

அவள் ஒரு குழியில் மண்ணை அள்ளி உள்ளங்கையில் விரித்தாள். கொத்தியதில் அறுந்து சிதறிய கிழங்குகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஒரு முளை.

மாசிலாமணி ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். "அப்ப விட்டுரச் சொல்றீங்களா? தரை முழுக்க கோரையாப் போயிருமே."

அவள் ஓரமாக நின்ற மெஷின் அருகே குந்தி உட்கார்ந்து அதன் கத்தியை இரண்டு படி உயர்த்தினாள். "மூணு விரல் உயரம் நிக்கட்டும். புல் அடர்ந்து நிழல் கட்டிச்சுன்னா கோரைக்கு வெயில் கிடைக்காது. ஒட்ட வெட்டி அதுக்கு வெயில் காட்டுனதே நீங்கதான்."

"பார்க்க நல்லா இருக்காதும்மா. தெருவுல சிரிப்பாங்க."

"எதைப் பார்த்து ஐயா சிரிப்பாங்க? புல்லைப் பார்த்தா?"

அவர் தலை தானாகக் குனிந்தது. "நான் ஒண்ணுமே செய்யக் கூடாதா?" என்று கேட்டார்.

அவள் தண்ணீர்க் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தண்ணி விட்டா கோரையும் குடிக்குமே?"

"குடிச்சுட்டுப் போகட்டும். புல்லு காஞ்சு கிடக்குது."

ஒரு மாதம் அவர் பாடத்துக்கு வரவில்லை. வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்போதெல்லாம் கதவருகே காப்பியை வைத்துவிட்டு, வாய் திறக்காமல் வந்துவிடுகிறாராம். நேற்றுக் காலை எழினி தானாகவே இறங்கி வந்தாளாம். வெறுங்காலோடு புல்லில் நடந்தாளாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

"இவ்வளவு பொறுத்தும் அவன் இன்னும் போகலியேம்மா," என்றார்.

"அவ யார் பக்கத்துல உட்கார்ந்து அழுதா?" என்று கேட்டாள் தயாபரி.

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.