பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ராஜா

ஒரே ஒரு ஆறு. நம்ம ஆறு மாதிரி கோடையில வத்திப் போறது இல்ல, நைல்னு பேரு, இந்தக் கரையிலேர்ந்து பார்த்தா அந்தக் கரை மாடு எறும்பாட்டம் தெரியும். அந்த ஆத்துல ஒரு படகுக்காரன். பேரு ஹெனு. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன். ஆங்.

அந்த நாடு எகிப்து. ஆனா அப்போ அது ஒரு நாடு இல்ல, ரெண்டு. ஆறு வர்ற பக்கம் மேல்நாடு, அங்க ராஜாவுக்கு வெள்ளைக் கிரீடம். ஆறு கடல்ல விழற பக்கம் கீழ்நாடு, அங்க சிவப்புக் கிரீடம். எப்பப் பாரு சண்டை. ஹெனு மேல்நாட்டுக்காரன். அவனோட அப்பா அந்தச் சண்டையில போனாரு. அப்புறம் அண்ணனும் போனான். மிச்சம் அம்மா இபியும் இவனும்தான்.

அப்புறம் ஒரு வருஷம் ஆத்து நடுவுலயே சண்டை. படகும் படகும் படார் படார்னு மோதுது. ரெண்டு ராஜாவும் செத்துட்டாங்க, அப்பவும் நிக்கல. அப்போ ஹெனு தன் படகைத் தள்ளிக்கிட்டு, சளக் சளக்குன்னு நடுவுல போனான். தண்ணியில தத்தளிக்கிறவன் எந்த நாட்டுக்காரன்னு கேக்கல, தூக்கித் தூக்கிப் படகுல போட்டான்.

"டேய், அவன் எதிரிடா!"ன்னு இவன் பக்கத்து ஆளுங்க கத்தினாங்க.

"நனைஞ்சுட்டா எல்லாம் ஒண்ணுதான்"னான்.

அதைப் பார்த்து ஒருத்தன் ஈட்டியைக் கீழ போட்டான். அப்புறம் இன்னொருத்தன். கொஞ்ச நேரத்துல ஆறே அமைதியாயிடுச்சு.

ரெண்டு நாட்டுப் பூசாரிங்களும் வந்தாங்க. "நீயே ராஜாவா இரு"ன்னாங்க. ஆனா கீழ்நாட்டு ஜனங்க, "மேல்நாட்டுப் படகுக்காரனுக்கு நாங்க கும்பிடு போடறதா?"ன்னு முறைச்சாங்க. அப்போ ஒரு கிழட்டுப் பூசாரி சொன்னாரு: "இவன் மனுஷனா இருந்தாத்தானே மேல்நாட்டான், கீழ்நாட்டான்? இனிமே இவன் சாமி. யாரும் இவனைத் தொடக்கூடாது. மூஞ்சியை ஏறிட்டுப் பார்க்கக்கூடாது. பேர் சொல்லக்கூடாது. மூணுல ஒண்ணு மீறினாலும் மறுபடி சண்டைதான்."

ஹெனு அம்மாவை நினைச்சான். ஊர்ல இருக்கற மத்த அம்மாக்களையும் நினைச்சான். "சரி"ன்னுட்டான்.

வெள்ளைக் கிரீடம் வெச்சாங்க, அது மேல சிவப்புக் கிரீடம் வெச்சாங்க. பேருக்குப் பதிலா "பெரிய வீடு"ன்னு கூப்பிட்டாங்க. ஆமாம்டா கண்ணு, வீடுதான். பெரிய வீடு சாப்பிட்டாரு, பெரிய வீடு தூங்கினாரு. "இன்னிக்கு என்ன இப்படி இளைச்சுப் போயிருக்கே?"ன்னு ஒரு வீட்டைப் பார்த்து யாரு கேப்பாங்க, சொல்லு?

ஒரு நாள் பழைய கூட்டாளி சேபியைப் பார்த்தான். ரெண்டு பேரும் ஒரே துடுப்புல கை வெச்சு வளர்ந்தவங்க. "சேபி, நான்தாண்டா!"ன்னு ஓடினான். சேபி கையிலேர்ந்து துடுப்பு தொபுக்குன்னு தண்ணியில விழுந்துது. அவனும் தொப்புன்னு குப்புற விழுந்தான், இவன் அங்கேர்ந்து போற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல.

அப்புறம் தபேத்னு ஒரு பொண்ணு, இவனுக்குன்னு பேசி வெச்சவ, அவ தெருவுக்குப் போனான். அவ முந்தானையால கண்ணைப் பொத்திக்கிட்டா. "பெரிய வீடே, நான் ஏழை. என்னைப் பார்க்க வெச்சு சண்டை மூட்டாதீங்க"ன்னா.

மூணாவதா அம்மாவே வந்தா. ஊர்லேர்ந்து நடந்தே வந்தா. சபையில ராஜா எழுந்ததும் எல்லாரும் சடசடசடன்னு தரையில குப்புற விழுந்தாங்க. அம்மாவும் விழுந்தா.

ஹெனு கிரீடத்தைக் கழட்டி வெச்சான். சத்தம் போடாம நடந்து வந்து, அம்மா பக்கத்துல அவனும் தரையில படுத்தான். கன்னம் மண்ணுல பட, அம்மா மூஞ்சிக்கு நேரா.

இபி கண்ணைத் திறந்தா. "ஹெனு"ன்னா, மூச்சு மாதிரி. அவன் கன்னத்து மண்ணைத் துடைச்சா. மூணையும் மீறிட்டா! ஆனா பார்க்க ஒருத்தர் இல்ல, எல்லார் மூஞ்சியும்தான் தரையில இருக்கே.

"வீட்டுக்கு வந்துடறியாப்பா?"

"வந்தா மறுபடி சண்டைம்மா."

அம்மா சண்டையில போன மூத்தவனை நினைச்சிருப்பா. அப்புறம், "வேளைக்குச் சாப்பிடு"ன்னா. அவ்வளவுதான். அவன் எழுந்து போயிக் கிரீடத்தை வெச்சுக்கிட்டான். ஆத்துல அடுத்த வருஷ வெள்ளம் வர்றதுக்குள்ள அம்மா போயிட்டா. சாமி சாவு வீட்டுக்குப் போகக் கூடாதாமே. போகல. ம்.

அப்புறம் கீழ்நாட்டுப் பொண்ணு ஒருத்தியைக் கட்டி வெச்சாங்க. ஒரு பையன் பொறந்தான், நெபுன்னு பேரு. பையன் வளர்ந்தான், ஹெனு கிழவனானான், படுத்த படுக்கையானான்.

அப்போ நெபு பத்தடி தள்ளி நின்னு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான்: "பெரிய வீடே, கிரீடம் வெச்சுக்கிட்டா எப்படி இருக்கும்?"

"தனியா இருக்கும்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"எனக்கு வேணாம்னா?"

ஹெனு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். ஆத்துல மேல்நாட்டுப் படகும் கீழ்நாட்டுப் படகும் ஒட்டி நின்னுது. ரெண்டு பொம்பளைங்க மீன் விலைக்கு வாய்ச்சண்டை போட்டுட்டு, அப்புறம் சிரிச்சுக்கிட்டாங்க. நெபு வயசுப் பசங்க யாரும் போர்னா என்னன்னு பார்த்ததே இல்ல.

நெபு வெகு நேரம் பார்த்தான். "சரி"ன்னான்.

"நாளையிலேர்ந்து உன்னை யாரும் பேர் சொல்ல மாட்டாங்க. இன்னிக்கு நான் கூப்பிடறேன், கேட்டுக்கோ"ன்னான் ஹெனு. "நெபு."

"ம்."

"நெபு."

"ம்."

பொழுது சாயற வரைக்கும் கூப்பிட்டான். குரல் தேஞ்சு தேஞ்சு போச்சு. அப்புறம் நின்னுடுச்சு. நின்னப்புறமும் நெபு ஒரு தடவை "ம்"னான்.

அந்த வம்சம் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

என்ன, உன்கிட்டேயிருந்து ம் காணோம்? சரி, படகு கரை சேர்ந்தாச்சு, கதையும் இறங்கிப் போயாச்சு. தூங்குடா தங்கம்.