இரண்டு பங்கு கோபுரம்

சொரிமலை நாட்டு மன்னர் மகிபாலருக்கு முல்லைநாட்டுக்கு விருந்துக்குப் போய்வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. விருந்தில் குறையொன்றும் இல்லை. அந்த நாட்டு அரசர் தாம் புதிதாகக் கட்டிய கோபுரத்தைக் காட்டிவிட்டு, "உங்கள் மணிக்கோபுரத்தைப் போன தடவை பார்த்தேன். புறா வளர்க்கவா?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் சபையில் மன்னர் ஆராயியைக் கூப்பிட்டார். அரண்மனையில் எதைக் கட்டுவதானாலும் எப்படிக் கட்டுவது என்று யோசித்து வரைந்து கொடுப்பவள் அவள்தான்.

"ஆராயி! கார்த்திகைத் தீபத்துக்கு முல்லைநாட்டான் இங்கே வருகிறான். அவன் கண்ணுக்கு நம் கோபுரம் இப்போது இருப்பதைப்போல் இரண்டு பங்கு தெரிய வேண்டும்!"

அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டுமான அதிகாரி வல்லபராயர் எழுந்துவிட்டார். அவருடைய மைத்துனருக்குச் செங்கல் சூளைகள் இருந்தன.

"அதற்கென்ன மகாராஜா! சொரிமலைக் காட்டை வெட்டினால் சூளைக்கு விறகு. ஆடிக்குள் செங்கல் தயார்."

ஆராயிக்குத் திக்கென்றது. ஊருக்கு வரும் ஒரே ஓடை அந்தக் காட்டிலிருந்துதான் இறங்குகிறது. இப்போதே கோடையில் கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். மழை வந்தாலோ அதே தெருவில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிடும். ஆனால் 'காட்டை வெட்டாதீர்கள்' என்று சொன்னால் மன்னர் காதில் ஏறாது. அவர் காது முழுக்கப் புறாச் சத்தம்.

"மகாராஜா, ஒரு சந்தேகம்" என்றாள். "பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு பங்கு தெரிந்தால் போதும், அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அரண்மனைக்கு முன்னால், கோபுரத்தடியில் உள்ள குதிரைத் திடலை எனக்குக் கொடுங்கள். நான் முடிக்கும்வரை காட்டில் கோடாரி விழக்கூடாது."

"முடிக்காவிட்டால்?" என்று குறுக்கே விழுந்தார் வல்லபராயர்.

"நாட்டைவிட்டே போய்விடுகிறேன் ராயரே. வண்டிகூட நீங்களே கட்டி வையுங்கள்."

மறுநாளே திடலில் மண்வெட்டிகள் விழுந்தன. கீழத்தெருவே திரண்டு வந்து தோண்டியது. தோண்டி எடுத்த மண் அவர்களுடைய தெருவுக்கே போய் அதை மேடாக்கியது. அரண்மனைக் கூரைத் தண்ணீரும் வீதித் தண்ணீரும் ஓடையில் பெருகும் தண்ணீரும் பள்ளத்துக்கு வந்து சேரும்படி ஆராயி வாய்க்கால்கள் வெட்டினாள். சுற்றிலும் படிக்கட்டு வரைந்துகொண்டு பேச்சாயி என்ற கீழத்தெருப் பெண்ணிடம் கேட்டாள்.

"இந்த உயரம் சரியா இருக்குமா?"

"யானை ஏறவா படி கட்டுற? இடுப்புல குடத்தோட எறங்குனா முட்டி பேந்துரும் தாயி!"

ஆராயி சிரித்துக்கொண்டே வரைந்ததை அழித்தாள். பேச்சாயியை நிறைகுடத்தோடு ஏறி இறங்கச் சொல்லி, அவள் கால் வாகுக்கு ஏற்றபடி படியைத் தணித்தாள்.

ஒருநாள் மன்னர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "மண் எடுத்தாய், சரி. கோபுரம் ஒரு சாண்கூட ஏறவில்லையே?"

"கொத்தனார் வர வேண்டும் மகாராஜா. ஐப்பசியில் வருவார்."

"யார் அந்தக் கொத்தனார்?"

"பெரிய ஆள். வந்தால் கூரையெல்லாம் அதிரும்."

ஐப்பசியில் மழை கொட்டியது. மன்னர் திரை போட்ட பல்லக்கைவிட்டு இறங்கவே இல்லை, கொத்தனாரை மறந்தே போனார். வல்லபராயர் மறக்கவில்லை. கோபுரம் அப்படியே நிற்பதைத் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தீபத்தன்று காலையில் ஆராயி வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டி, கட்டுச்சோறும் வைத்துவிட்டார்.

மாலையில் முல்லைநாட்டு அரசர் வந்து இறங்கினார். அவரை அழைத்துக்கொண்டு கோட்டை வாசலைத் தாண்டியதும் மகிபாலர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். அதே பழைய கோபுரம்! விளக்கு வரிசை மட்டும்தான் புதுசு. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆராயி! என் மானத்தை வாங்கிவிட்டாயே!"

"நிமிர்ந்தது போதும் மகாராஜா. கொஞ்சம் குனிந்து பாருங்கள்."

குனிந்தார். காலடியில் கரை தளும்பும் குளம். அதற்குள் இன்னொரு கோபுரம், விளக்குகளோடு தலைகீழாக இறங்கியிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இடைவெளியே இல்லை. முல்லைநாட்டு அரசர் வாயைப் பிளந்தபடி மேலும் கீழும் பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மோசடி மகாராஜா, வெறும் நிழல்!" என்று கத்திய வல்லபராயர் ஒரு கல்லை எடுத்து வீசினார். நீர்க்கோபுரம் கலைந்து சிதறியது. "பார்த்தீர்களா? இடிந்துவிட்டது!"

"அவசரப்படாதீர்கள் ராயரே" என்றாள் ஆராயி.

அலை அடங்கியது. கோபுரம் மறுபடி எழுந்து நின்றது.

"கல்லெறிந்தால் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் கோபுரம் வேறெங்காவது உண்டா?"

"என்னிடம் இல்லையம்மா" என்றார் முல்லைநாட்டு அரசர், பெருமூச்சோடு.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மகிபாலர் இத்தனை மாதம் பட்டினி கிடந்தார்! குளத்துப் படியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பேச்சாயியின் கால் வாகுக்குக் கட்டிய படி, மன்னருக்கும் வாகாகவே இருந்தது. திடீரென்று சிரிப்பு நின்றது.

"ஆராயி, ஊரெல்லாம் இதில் தண்ணீர் மொள்ளுமே! கோடையில் என் கீழ்க்கோபுரம் வற்றிவிட்டால்?"

"குடத்தால் இது வற்றாது மகாராஜா. ஓடை வந்துகொண்டிருந்தால் போதும். காட்டில் மரம் குறைந்தால்தான் ஓடை குறையும். அங்கே ஒரு மரம் சாய்ந்தால், இங்கே உங்கள் கோபுரத்தில் ஒரு மாடம் போச்சு."

மன்னர் துள்ளி எழுந்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆராயிக்குப் போட்டார். பிறகு திரும்பினார்.

"வல்லபராயரே! இந்த நிமிஷத்திலிருந்து சொரிமலைக் காட்டைக் காப்பது உம்முடைய பொறுப்பு. உம்முடைய மைத்துனர் அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கினால்கூட, என் கோபுரத்தை இடித்தார் என்றுதான் வழக்கு!"