அழுதே தண்ணி பாய்ச்சினவன்

ஒரே ஒரு ஊர்ல வெயிலாச்சி வெயிலாச்சின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு இருந்தது ஒரு துண்டு வயல், அதுல பால் பிடிக்கிற நெல்லு. அங்க குளத்துத் தண்ணி முறை வச்சுத்தான் பாயும். அவ முறை வர்ற அன்னிக்கெல்லாம் பக்கத்து வயல்காரன் உடையான் மடையை அடைச்சுத் தன் பக்கம் திருப்பிக்குவான். அவளுக்கு வயிறு எரிஞ்சுது, நேரா ராசாகிட்ட போனா.

"ஏம்ப்பா, இவ மடையை அடைச்சியா?"ன்னு உடையானக் கூப்பிட்டுக் கேட்டாரு ராசா.

உடையான் பதிலா சொன்னான்? பொத்துனு விழுந்து, "நான் அப்பன் முகம் பாக்காத பய ராசா!"ன்னு அழுதான். ராசா கண்ணத் தொடச்சுக்கிட்டு, "பாவம், விடும்மா"ன்னாரு.

அடுத்த முறையும் அடைச்சான், அவளும் போனா. "என் உழவு மாடு செத்துப்போச்சு ராசா!"ன்னு அழுதான். மந்திரியும் சேர்ந்து அழுதாரு. மாடு செத்தா மடையை ஏன்டா அடைக்கணும்? கேட்டாளே வெயிலாச்சி! "உன் நெஞ்சுல ஈரமே இல்லியா?"ன்னு எல்லாரும் அவளத்தான் ஏசினாங்க. "என் வயல்லயே ஈரமில்ல"ன்னு கத்திட்டு வந்தா.

வயல் வெடிச்சுப்போச்சு. இந்த முறையும் போனா நெல்லு அத்தனையும் பதர்தான். அன்னிக்கும் அடைச்சான், கேளுங்க! அவளும் திரும்பப் போனா. அப்பனும் மாடும் தீந்துபோச்சே, என்ன செய்வான்? "எங்கம்மா காலையில செத்துட்டா ராசா!"ன்னு மார்ல அடிச்சுக்கிட்டான். சபையே ஓன்னு அழுதுது.

வெயிலாச்சி பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் கேட்டா, "ராசா, சாவு வீட்டுக்காரன் கருமாதி முடியிற வரைக்கும் மடையைத் தொடக் கூடாது, வயல்ல இறங்கக் கூடாது. இதான நம்ம ஊர் வழக்கம்?"

"ஆமாம்மா."

"மொட்டை போடணும்ல?"

"ஆமா, ஆமா, கத்தி கொண்டாங்கடா!"

உடையான் முழிச்சான். ஆத்தா சாகலன்னு சொன்னா பொய்யன், செத்தது நெசம்னா தண்ணி போச்சு. தலையை நீட்டினான். மொட்டையும் அடிச்சு மீசையையும் எடுத்தாச்சு. துக்கம் விசாரிக்க ராசாவே அவன் வீட்டுக்குப் போனாரு, கூடவே அவளும் போனா. அங்க வாசல்ல அவன் ஆத்தா நெல்லு புடைச்சுக்கிட்டிருக்கா! "எவ செத்தான்னுடா மொட்டை போட்டே?"ன்னு முறத்தாலேயே மொத்துனா.

ராசா தலை குனிஞ்சாரு. "இனி இந்த வருசம் அவன் முறையும் உனக்குத்தான். கோவம் தீந்துச்சாம்மா?"

"தீரல. அவன் கண்ணப் பாத்தீங்களே, ஒரு நாளாவது என் மடையை வந்து பாத்தீங்களா? நான் அழலன்னுதானே என் வயலக் காய விட்டீங்க?"

சொல்லிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்தா. ராசா பின்னாலேயே வந்து, தன் கையாலேயே மடையைத் திறந்து விட்டாரு.

தண்ணியும் பாஞ்சுது, கதையும் வரப்பேறிடுச்சு. யாராவது அழுதா கண்ணத் தொடச்சு விடுங்க. தொடச்சுட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் எங்கடான்னு கேளுங்க.