மதிலை இடிச்சுப் பாலம் கட்டின கவர்னர்

ஒரு ஊர்ல, பெரிய ஆத்தோரமா, ஹுதைல்னு ஒரு கவர்னர் இருந்தாரு. கண்ண மூடிக்கிட்டே கேளு. இப்போ ஸ்பெயின்னு சொல்றாங்கல்ல, அந்த நாடு. அப்போ அதுக்குப் பேரு அந்தலூஸ். கடல் தாண்டி ரொம்ப தூரத்துல இருந்த கலீஃபா, அதான் முஸ்லிம்களோட பேரரசர், அந்த ஊரப் பாத்துக்கச் சொல்லி இவர அனுப்பியிருந்தாரு.

ஆத்துக்கு இந்தக் கரையில கோட்டை, சந்தை, புதுசா வந்து குடியேறின முஸ்லிம் ஜனங்க. அந்தக் கரையில காலங்காலமா இருக்குற கிறிஸ்தவ ஜனங்க, அவங்க ஆலிவ் தோப்பு. நடுவுல இருந்த பாலம் எப்பவோ இடிஞ்சு போச்சு. எல்லாரும் படகுலதான் போகணும், வரணும். ம் சொல்லு... ம்.

அந்தக் கரையில தோதான்னு ஒரு மருத்துவச்சி. எந்தக் கரையில பிரசவம்னாலும் அவதான் பாக்கணும். ஒரு நாள் இந்தக் கரையில ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு. ஆத்துல ஹோ...ன்னு வெள்ளம். படகுக்காரன் வரவே மாட்டேன்னுட்டான். இங்கேருந்து கைய ஆட்டி ஆட்டிக் கூப்பிடுறாங்க, தோதா அங்க நின்னு தவிக்கிறா. எப்படியோ புள்ள பொறந்து, தாயும் பொழச்சா. செத்துப் பொழச்சான்னுதான் சொல்லணும்.

வெள்ளம் வடிஞ்சதும் தோதா நேரா கவர்னர்கிட்ட போனா. "ஐயா, உங்கள இந்தக் கோட்டை மதில் காக்குது. வெள்ளம் வந்தா எங்கள எது காக்குது?"ன்னு கேட்டா. அவரு உடனே எழுந்து ஆத்தங்கரைக்குப் போய், இடிஞ்ச பாலத்தப் பாத்தாரு.

அப்புறம் மரத்த வெட்டி பாலம் போட்டாரு. மழை வந்துச்சு, மடார்னு போச்சு. அப்புறம் படகெல்லாம் வரிசையா கட்டி மேல பலகை போட்டாரு. சூறைக்காத்து வந்துச்சு, கயிறு பட் பட்டுன்னு அறுந்து, படகெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடிருச்சு. கல்லுப் பாலம்தான் நிக்கும்னு கொத்தனாருங்க சொன்னாங்க. ஆனா பக்கத்துல ஒரு மலை கிடையாது. கல்லுக்கு எங்க போறது?

அப்போ கவர்னர் திரும்பித் தன்னோட கோட்டை மதிலப் பாத்தாரு. எல்லாம் நல்ல பெரிய பெரிய கல்லு.

தளபதி குலைப் வேண்டவே வேண்டாம்னாரு. பக்கத்து ஊர்த் தலைவன் ஒருத்தன் இந்தப் பதவி மேல கண்ணா இருக்கான், மதில் போனா உடனே வந்துருவான்னாரு. கவர்னருக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். இருந்தாலும் முதல் கல்ல அவரே கடப்பாறை போட்டு நெம்பினாரு. அப்புறம் டங்... டங்...னு ரெண்டு கரை ஜனமும் சேர்ந்து வேலை செஞ்சாங்க. அடுத்த மழைக்குப் பாலம் அசையல. ம்... முழிச்சிருக்கியா? சரி.

குலைப் சொன்னபடியே ஆச்சு. ஒரு காலையில டக்கு டக்கு டக்குன்னு குதிரைங்க. அந்தத் தலைவன் ஆளுங்களோட வந்துட்டான். கோட்டையில ஒரு பக்கம் திறந்து கிடக்கு. கவர்னர் வெளிய வந்து நின்னாரு, பக்கத்துல குலைப்.

அப்போ பாலத்து மேல திமுதிமுன்னு சத்தம். அந்தக் கரை ஜனம் மொத்தமும் வருது, ஆலிவ் காய் உலுக்குற கம்போட, மண்வெட்டியோட. தோதா முன்னால. அன்னிக்குப் பிரசவமான பொண்ணும் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு இந்தக் கரையில இருக்குற வீட்டுலேருந்து வந்து அவகூட சேர்ந்துக்கிட்டா.

தோதா அந்தத் தலைவன்கிட்ட, "நீ உள்ள வந்தா இந்தப் பாலத்த உடைச்சு மறுபடி மதில் கட்டுவ. அதுக்கு எங்கள மிதிச்சுத்தான் போகணும்"னு சொன்னா.

அவன் சண்டை போட வரல. மதில் இடிஞ்ச கோட்டையில நோகாம உக்காரலாம்னு வந்தவன். ஜனத்தப் பாத்தான், ரொம்ப நேரம் பாத்தான். கடைசில குதிரைங்களுக்குத் தண்ணி மட்டும் கேட்டான். குடுத்தாங்க. குடிக்க வச்சுட்டு, வந்த வழியே திரும்பிப் போயிட்டான்.

குலைப் மெதுவா வந்து, மதில மறுபடி எழுப்பலாமான்னு கேட்டாரு. கவர்னர் வேண்டாம்னு தலைய ஆட்டிட்டு, பாலத்து நடுவுல போய் உக்காந்தாரு. கீழ சலசலன்னு தண்ணி, மேல சில்லுன்னு காத்து. அப்படியே கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு தூங்கிட்டாரு. தோதா தன் போர்வைய எடுத்து அவர் மேல போத்தினா. கழுதை ஓட்டிட்டு வந்தவன் அதோட கழுத்து மணி அடிக்காம கையால புடிச்சுக்கிட்டான். எல்லாரும் ஓரமா, அடி மேல அடி வச்சு நடந்து போனாங்க.

கதையும் பாலத்தத் தாண்டி அக்கரைக்குப் போயிருச்சு... நீ தூங்கு, கண்ணு.