வெள்ளைப் பக்கம்

“நாளைக்கு வகுப்பை நீங்களே எடுத்திருங்க மேடம். என்னால முடியாது.”

செண்பகராமன் சார் இதை அறை வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே போய் உட்கார்ந்தால் காரணம் கேட்பார்களே என்ற யோசனை.

“ஏன்?” என்றார் ஹமீதா மேடம். வாசலில் நின்றாலும் கேட்கத்தான் செய்தார்.

“பயமா இருக்கு.”

“என்ன பயம்?”

“எர்ரர் வந்திருமோன்னு.”

“வரும்,” என்றார் மேடம்.

ஆறுதல் தேடிப் போகிறவர்கள் இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிப் போவார்கள். என்ன செய்வது.

இருவரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினித் துறை ஆசிரியர்கள். வயதில் சார்தான் மூத்தவர். கணக்குப் பாடத்திலிருந்து அவரை இந்தத் துறைக்கு மாற்றியபோது, அரிச்சுவடியிலிருந்து சொல்லிக் கொடுத்தவர் மேடம். முறையாகப் பார்த்தால் குரு. அந்தத் துறையில் யாரும் யாரையும் குரு என்று கூப்பிடுவதில்லை, அதனால் மேடம்.

மறுநாள் காலை பயிற்சிப் பட்டறை. வெளிக் கல்லூரிகளிலிருந்து முப்பது ஆசிரியர்கள் வருகிறார்கள். டேட்டாபேஸை வைத்து இயங்கும் வெப்சைட் ஒன்றை அவரவர் கையாலேயே செய்து பார்க்கப் போகிறார்கள். ஊர்ப் பெயரைத் தட்டினால், டேபிளில் தேடி அந்த ஊர் பஸ் நேரத்தை எடுத்துக் காட்டும் பக்கம். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

ஆனால் போன வருடம் இதே பட்டறையில், பெரிய திரையில், சார் கண் முன்னால் எர்ரர் வந்தது. அவருக்குப் புரியவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, “கரண்ட் போயிருச்சு,” என்று சொல்லி வெளியேறிவிட்டார். தலைக்கு மேலே ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து சொந்த மாணவர்கள் தொண்டையைக் கனைத்தாலே சாருக்கு வியர்க்கும். இன்னொரு தரம் அப்படி நின்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

“தயார் பண்ணலையா?” என்று கேட்டார் மேடம்.

“பண்ணாம இருப்பேனா? வந்து பாருங்க. நாளைக்கு ஒரு மெஷின்லயும் எர்ரர் வராது.”

“வராதா?”

“வராது மேடம். வழி பண்ணிட்டேன்.”

மேடம் எழுந்து லேபுக்கு வந்தார். எந்தக் கணினியையும் சோதிக்கவில்லை. நடு வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நான் நாளைக்கு வாற ஆள். சொல்லிக் குடுங்க.”

சார் சொல்லச் சொல்ல மேடம் தட்டினார். புதிதாய்ப் படிக்க வந்தவரைப் போல மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. கடைசியில் பக்கத்தைத் திறந்தார்.

வெள்ளை.

பஸ் நேரம் இல்லை. தலைப்பு இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி வெறும் வெள்ளைத் திரை.

“வரலையே சார்,” என்றார் மேடம்.

“திரும்ப ஒரு தரம் திறங்க.”

திறந்தார். வெள்ளை.

சார் குனிந்து பார்த்தார். டேட்டாபேஸ் ஓடுகிறதா? ஓடுகிறது. டேபிள் இருக்கிறதா? இருக்கிறது. கோப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டும் சரி. அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கீபோர்டில் விழுந்தது.

“என்ன தப்பா அடிச்சீங்க மேடம்?”

“தெரியலையே.”

“விளையாடாதீங்க. உங்களுக்குத் தெரியும்.”

“சத்தியமாத் தெரியாது சார்.”

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. மேடத்துக்கே தெரியவில்லை. நாளைக்கு முப்பது பேர் முப்பது வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முப்பது பேரும் தன் பக்கம் திரும்புவார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏதாவது சொல்லித் தொலைச்சா என்ன இந்தச் சனியன்?” என்று கணினியைப் பார்த்துக் கத்தினார். “எந்த வரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா? கண்டுபிடிச்சிர மாட்டேனா?”

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

சார் கீபோர்டில் விழுந்த வியர்வையைச் சட்டை நுனியால் துடைத்தார்.

“நான்தான் மேடம்,” என்றார் பிறகு. “எர்ரரைத் திரையில காட்டாதேன்னு செட்டிங்கை மாத்தி வச்சேன். எல்லா மெஷின்லயும்.”

மேடம் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டுக் கொடுத்தார்.

சார் செட்டிங்கைப் பழையபடி மாற்றி, பக்கத்தைத் திறந்தார். கொட்டை எழுத்தில் எர்ரர் வந்து விழுந்தது. பயந்துகொண்டேதான் வாசித்தார். ஒன்பதாவது வரியைப் பார் என்றது. அந்த வரி சரியாகத்தான் இருந்தது; அதற்கு மேலே எட்டாவது வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டார். தென்காசி பஸ் நேரமெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

“மத்த மெஷின்லயும் மாத்திருங்க,” என்று மேடம் கிளம்பினார்.

“மாத்திட்டா நாளைக்கு எர்ரர் வெளிய தெரியுமே!”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும் மேடம்!”

“ஆமா.”

“மெஷினுக்குச் சரி. நான் என்ன செய்ய? நான் மறுபடியும் பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நின்னா?”

மேடம் கதவுப் பக்கம் நின்று கொஞ்சம் யோசித்தார்.

“உங்களுக்குள்ள அந்த செட்டிங் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் முப்பது பேர் வந்தார்கள். மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சார் பெரிய திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டி, பக்கத்தைத் திறந்தார்.

எர்ரர்.

நேற்றுப் பார்த்தது இல்லை. அவர் இதுவரை பார்க்காத ஒன்று. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். சாரின் கை தானாகப் புரொஜெக்டர் பக்கம் போயிற்று. விரல் பொத்தானைத் தொட்டுவிட்டது.

மேடம் அசையவில்லை.

சார் கையை எடுத்தார். முப்பது முகங்களையும் பார்த்துத் திரும்பினார்.

“எனக்கு இப்ப ரொம்பப் பயமா இருக்கு,” என்றார். “இது என்ன எர்ரர்னு எனக்குத் தெரியலை. கண்ணு வேற மறைக்குது. யாராவது கொஞ்சம் சத்தமா வாசிங்களேன்.”

சிரிப்புச் சத்தம் வரும் என்று காத்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “நீங்க கேட்ட பேர்ல டேட்டாபேஸ்ல டேபிளே இல்லைன்னு சொல்லுது சார்.”

“எந்தப் பேர்ல?” என்று கேட்டார் செண்பகராமன்.

குரல் நடுங்கிற்று. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.